நுண்நிதி நுண்கடன் ஆன வரலாறு

சிறுகடனின் வரலாற்றைச் சொல்ல முற்படுவோர் பெரும்பாலும் 1976-ஆம் ஆண்டில், வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்திலிருந்து தொடங்குவர். பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் தம் கைப்பணத்திலிருந்து 27 டாலர் மதிப்புள்ள தொகையை 42 பேருக்குக் கொடுத்த நிகழ்வு பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1974 மே மாதத்தில், அகமதாபாதில் ஏழைப் பெண்களின் கூட்டுறவு வங்கி ஒன்று பதிவாகியிருந்தது. எது முந்தியது என்பது இங்குக் கேள்வி அன்று. ஜோப்ராவில் முதலில் கைமாறியது கடன். அகமதாபாத் வங்கியில் முதலில் திரண்டது சேமிப்பு. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதால்தான், 2010-இல் ஆந்திரத்தில் நேர்ந்தது வெறும் வட்டிக் கொடுமையின் கதையாகச் சுருக்கப்படுகிறது.

1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. ஏழைகளுக்கும் கடன் வழங்கும் கடமை அவற்றின்மேல் வந்தது. 1972-இல் இலா பட் நிறுவிய ‘சேவா’ என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம், காய்கறி விற்போரையும் பழந்துணி வணிகம் செய்வோரையும் தலைச்சுமைத் தொழிலாளர்களையும் அவ்வங்கிகளுக்கு அழைத்துச் சென்றது. காலையில் சரக்கெடுக்கக் கடன் பெற்று, மாலையில் வட்டியோடு திருப்பித் தந்து பழகியவர்கள் அவர்கள். ஆனால் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு, அலுவல் நேரத்துக்குப் பொருந்தாத வேளையில் வந்து நின்ற பெண்களை ஏற்க அன்றைய வங்கிக் கிளைகள் பழகியிருக்கவில்லை. தங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் அப்பெண்களிடமிருந்தே எழுந்தது. சுமார் 4,000 பேர் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தினர்.

கையெழுத்திடத் தெரியாத பெண்கள் எவ்வாறு வங்கி நடத்துவர் என்று கூட்டுறவுத் துறை தயங்கியது. அமைப்பாளர்களாக ஒப்பமிட வேண்டிய பெண்களை அமர்த்தி, இரவெல்லாம் விழித்திருந்து அவர்களுக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுத்தார் இலா பட். பதிவு நடந்தேறியது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு அவ்வழி செல்லாது என்பதால், கணக்கு எண் எழுதிய பலகையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்து, அதையே அடையாளமாகக் கொண்டது வங்கி. எழுத்தறிவை நிபந்தனையாக்காமல் ஆளை அடையாளம் காணும் இம்முறை, பின்னாளில் வந்த எந்தத் தொழில்நுட்பத்துக்கும் குறைந்தது அன்று.

இங்கே பணம் போட்டவரும் பங்குதாரரும் கடன் பெற்றவரும் ஒருவரே. வைப்புத்தொகை செலுத்தியவருக்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும். கடன் மட்டும் பெற்றவரோ கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இவ்விரு உறவுகளும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்தமையே அவ்வங்கியின் வலிமை.

இதே ஒழுங்கு சிறிய அளவில் கர்நாடகத்திலும் காணப்பட்டது. திபெத்திய அகதிகளின் மறுகுடியேற்றத்துக்காக 1968-இல் தோன்றிய மைராடா அமைப்பு, 1980-களின் நடுவில் கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்துபோன ஊர்களில் சிறு குழுக்களை வளர்த்தது. உறுப்பினர்கள் வாரந்தோறும் சேமித்தனர். அப்பணத்தைத் தமக்குள் சுழற்றினர். 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோதும் விதி மாறவில்லை. முதலில் சேமிப்பு, பிறகு அச்சேமிப்பின் மடங்குகளில் கடன்.

அடுத்த கட்டத்தில் நிறுவனங்கள் வந்தன. வங்கிசாரா நிதி நிறுவனங்களாகப் பதிவுபெற்ற இவை உறுப்பினர்களிடமிருந்து வைப்புத்தொகை பெற இயலாது. மக்களின் பணத்தைக் காப்பதற்கான அந்தத் தடை நியாயமானதே. ஆனால் அதன் விளைவு வேறு. இவை வங்கிகளிடம் கடன் வாங்கிக் கடன் கொடுத்தன. கிராமத்துப் பெண்ணின் சேமிப்புக்கு இவற்றின் கணக்கில் இடமே இல்லை. குழு மட்டும் எஞ்சியது. முன்பு குழு தன் பணத்தைக் காத்தது; இப்போது பிறர் பணத்துக்குப் பிணை நின்றது. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘குழு’ என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் குறிக்கிறது. ‘நுண்நிதி’ என்ற கலைச்சொல் ஆய்வேடுகளில் தங்கிவிட, நாளிதழ்களில் ‘நுண்கடன்’ வேரூன்றியதும் தற்செயல் அன்று. சேமிப்பு, காப்பீடு, பணம் அனுப்புதல் எல்லாம் உதிர்ந்து கடன் மட்டும் நின்றதை வழக்குச்சொல் சரியாகவே பதிவுசெய்திருக்கிறது.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் அரசின் மகளிர் குழுக்களும் தனியார் நிறுவனங்களும் ஒரே வீடுகளை நாடின. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன் பெறுவது வழக்கமாயிற்று. 2006-லேயே கிருஷ்ணா மாவட்ட நிர்வாகம் சுமார் 50 கிளைகளை மூடியது. அந்த எச்சரிக்கை நிலைக்கவில்லை. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது, வெளியிடப்பட்ட பங்குகளைப் போல 13 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. கடன்பட்ட பெண்களின் தற்கொலைச் செய்திகளும் அதே பருவத்தில் வந்தன. காரணத் தொடர்பை நிறுவனங்கள் மறுத்தன. அக்டோபர் 15-இல் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது: வீடு தேடிச் சென்று வசூலிக்கக் கூடாது, வாரத் தவணை மாதத் தவணையாக வேண்டும், வட்டி அசலை மீறலாகாது. சில மாதங்களில் வசூல் பெரும்பாலும் நின்றுபோயிற்று. சேமித்த பணம் உள்ளே இருந்திருந்தால், நிறுவனத்தைக் காப்பாற்ற உறுப்பினர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

அவசரச் சட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன், செப்டம்பர் 29-இல், மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அவ்வகையில் 2010-இன் அந்த இலையுதிர்காலம் ஒரு சந்தி. அயலாரின் பிணைக்கு மாற்றாக விரல்ரேகை வந்தது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் கணக்குகள் 2023-இல் 50 கோடியைத் தாண்டின. அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. 2020 ஊரடங்கின்போது பெண்களின் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு 500 ரூபாய் வீதம் அரசால் நேரடியாகச் செலுத்த முடிந்தது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. எனினும் கணக்கு வேறு, சேமிப்பு வேறு. உலக வங்கியின் 2021-ஆம் ஆண்டுத் தரவின்படி இந்தியக் கணக்குகளுள் 35 விழுக்காடு ஓராண்டாக இயக்கமற்றுக் கிடந்தன. மண்ணிலும் கல்லிலும் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காத துன்பம் தனி.

கைப்பேசிக் கடன் செயலிகள் பரவியபோது குழுப்பிணை புதிய உருவில் திரும்பியது. தவணை தவறியவரின் கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம், உறவினர், அலுவலக நண்பர், பிள்ளையின் ஆசிரியர் என்று பாராமல், சில செயலிகள் அழைத்து இழிவுபடுத்தின. குழுவினரேனும் ஒருவருக்கொருவர் பிணை நிற்கத் தாமே இசைந்தவர்கள். இந்தத் தொடர்புப் பட்டியலில் இருந்தோரை யாரும் கேட்கவில்லை. 2022 மார்ச்சில் நுண்கடன் வட்டிக்கான உச்சவரம்பை நீக்கிய ரிசர்வ் வங்கி, அவ்வாண்டு செப்டம்பரில் கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 2-இல், இலா பட் அகமதாபாதில் காலமானார். பெயரெழுதக் கற்ற பெண்களின் ஒப்பத்தோடு பதிவான அந்த வங்கி அங்கே இன்னும் நடந்துவருகிறது.