உயிருள்ளவையும் உயிரற்றவையும்

உயிருள்ளவை என்பன வளர்சிதைமாற்றம், வளர்ச்சி, இனப்பெருக்கம் முதலிய இயல்புகளை ஒருங்கே கொண்ட, உயிரணுக்களால் ஆன பொருள்கள் ஆகும். கல், நீர், காற்று போன்று இவ்வியல்புகள் ஒருங்கே அமையாதவை உயிரற்றவை எனப்படும். இருவகைப் பொருள்களும் ஒரே வேதியியல் தனிமங்களால் ஆனவை. 1828 இல் செருமானிய வேதியியலாளர் பிரீட்ரிக் வோலர், உடலில் உருவாகும் யூரியாவை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். ஆகவே வேறுபாடு மூலப்பொருளில் அன்று, அதன் ஒழுங்கமைப்பிலும் இயக்கத்திலுமே உள்ளது.

பொது இயல்புகள்

* ஒன்று அல்லது பல உயிரணுக்களால் ஆகியிருத்தல்
* உணவிலிருந்தோ ஒளியிலிருந்தோ ஆற்றலைப் பெற்றுப் பயன்படுத்தல் (வளர்சிதைமாற்றம்)
* வெப்பநிலை, நீர்ம அளவு போன்ற அகச்சூழலைச் சீராக வைத்திருத்தல்
* வளர்தல்
* தூண்டல்களுக்கு எதிர்வினை காட்டல்
* மரபுச் செய்தியை டி.என்.ஏ வழியாக அடுத்த தலைமுறைக்குக் கடத்தல்
* பல தலைமுறைகளில் படிவளர்ச்சி அடைதல்

தனி இயல்பு போதாமை

இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொள்ள இயலாது. உப்புப் படிகம் வளர்கிறது. தீ எரிபொருளையும் ஆக்சிசனையும் பயன்படுத்திப் பரவுகிறது. இவை உயிருள்ளவை அல்ல. மாறாக, கோவேறு கழுதை பொதுவாக மலடாக இருப்பினும் உயிருள்ளதே. அதன் உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. உலர்ந்த விதை அசைவற்றுக் கிடப்பினும் அதனுள் உயிர் உறங்கியிருக்கலாம். இசுரேலின் மசாதா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005 இல் முளைத்தது.

எல்லையில் உள்ளவை

தீநுண்மங்கள் (வைரசுகள்) இப்பாகுபாட்டின் எல்லையில் நிற்கின்றன. 1935 இல் வெண்டெல் சிட்டான்லி, புகையிலைத் தேமல் தீநுண்மத்தை உப்பைப் போலவே படிகமாக்கினார். அப்படிகத்தின் கரைசலைப் புகையிலை இலையில் தேய்த்தபோது நோய் மீண்டும் தோன்றியது. தீநுண்மங்களுக்கு மரபுப்பொருளும் படிவளர்ச்சியும் உண்டு. ஆனால் உயிரணு அமைப்போ தமக்கெனத் தனி வளர்சிதைமாற்றமோ இல்லை. பிற உயிரணுவினுள் புகுந்தே அவை பெருகும். எனவே அவற்றை உயிருள்ளவையாகக் கொள்வதில் அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பூமிக்கு அப்பால்

வரையறை தெளிவாக இல்லாவிடின், வேற்றுக் கோள்களில் எதைத் தேடுவது என்பதும் தெளிவாகாது. 1976 இல் செவ்வாயில் இறங்கிய இரு வைக்கிங் விண்கலங்கள், அங்குள்ள மண்ணில் கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டக் கரைசலை இட்டுச் சோதித்தன. வளர்சிதைமாற்றம் நிகழ்வது போலவே வளிமம் வெளிப்பட்டது. எனினும், மண்ணில் உயிர் இருப்பதைக் காட்டக்கூடிய கரிமச் சேர்மங்கள் அப்போது உறுதிப்படவில்லை. ஆகையால், அது மண்ணில் நிகழ்ந்த வேதிவினையே எனப் பெரும்பாலான அறிவியலாளர் முடிவு செய்தனர்.