தூரம் தெரியாமல் வயது கண்ட கதை

நம்ம கல்லூரியில் சிவில் படித்த யாரும் சர்வே லேபை மறந்திருக்க முடியாது. உச்சி வெயிலில் டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவோம். ஒரு நாள் எங்கள் பேட்ச் எடுத்த ரீடிங் எதுவும் டேலி ஆகவில்லை. குக் பண்ணி எழுதிக் கொடுத்துவிட்டோம். சார் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "கோளாறு இல்லாத கருவி ஏதுப்பா? பின்னாடி பார்க்கிற தூரமும் முன்னாடி பார்க்கிற தூரமும் சமமா வச்சுக்கோ. ரெண்டுலயும் ஒரே பிழைதான் வரும், கழிச்சா போயிடும்" என்றார்.

அதே பாடம் வானத்திலும் செல்லுபடியாகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் பால்வீதியின் மிகப் பழைய குடிகள் கோளக் கொத்துகள். ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. பெரியவை எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும்; சிறியவை சிக்கனமானவை. நிறத்தையும் ஒளியையும் வைத்துப் படம் போட்டால் அவை வரிசையாக நிற்கும். எரிபொருள் தீரும் இடத்தில் வரிசை திரும்பும். அந்தத் திருப்பம் மங்கலாக இருந்தால் கொத்துக்கு வயது அதிகம். 1953-ல் ஆலன் சாண்டேஜ் எம்-3 கொத்தில் இந்தத் திருப்பத்தைத் தெளிவாகக் காட்டினார்.

சிக்கல் எங்கே என்றால், உண்மையான ஒளி தெரிய தூரம் தெரிய வேண்டும். இடையில் தூசி வேறு. 1994-ல் ஹப்பிள் தொலைநோக்கியின் அளவீடு பிரபஞ்சத்துக்கு 800 முதல் 1200 கோடி ஆண்டு என்றது. கொத்துகளுக்கோ 1400 கோடிக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாயைவிடப் பிள்ளை மூத்ததா! 1997-ல் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் தூரங்களைத் திருத்தியதும் கொத்துகளின் வயது இறங்கியது. 1998-ல் பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுப்பது தெரிந்ததும் அதன் வயது ஏறியது. இன்றைய கணக்கு சுமார் 1380 கோடி. வழக்கு தீர்ந்தது, ஆனால் தூரத்தின் பிடி விடவில்லை.

2010-ல், நான் கடைசி வருடம் படித்தபோது, ஜியுசெப்பே போனோ குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். அகச்சிவப்பில் பார்த்தால் வரிசையின் அடிப்பகுதியிலும் ஒரு வளைவு, முழங்கால் போல. குளிர்ந்த சிறு விண்மீன்களில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மோதி அகச்சிவப்பை உறிஞ்சுவதால் வருவது அது. வயது ஏறினால் மேல் திருப்பம் மங்கும், முழங்கால் அசையாது. இரண்டையும் கழித்தால் தூரமும் தூசியும் போய்விடும், வயது நிற்கும். எங்க சார் சொன்னதேதான்!

சிலியில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியில், காற்றின் கலக்கத்தைத் திருத்தும் சோதனைக் கருவியை வைத்து, சுமார் 16,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் என்ஜிசி 3201 கொத்தைப் படமெடுத்தார்கள். பழைய முறையும் புதிய முறையும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போயின. புதிய முறையில் பிழை பாதிக்கும் கீழே இறங்கலாம் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் கணக்கில் வந்த நிறமும் கண்ட நிறமும் சற்றே விலகின. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டார்கள்.

அந்த ஒரு வரிதான் எனக்கு உறைத்தது. தம்பி தங்கைகளே, டேலி ஆகாத ரீடிங்கை அப்படியே எழுதுங்கள். நாங்கள் குக் பண்ணிய அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, சாரின் சிவப்பு மையோடு.