மழை கை கொடுத்த கதை

2023-ல் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி பெங்களூருக்கு வந்த புதிது. கன்னடம் எனக்கு அப்போது "ஊட்டா ஆய்த்தா" அளவுதான். கிளையோ ஹொஸ்கோட்டே பக்கம். பயிர்க்கடன் புதுப்பிக்கும் வேலை என் தலையில்.

ஒரு பெரியவர் வந்தார். ராகி போட்டவர். பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே "ஈ சல மளெ கை கொட்டிது சார்" என்றார்.

நம் காதில் இது எப்படி விழும், நீங்களே சொல்லுங்கள்! மழை கொட்டியிருக்கிறது, விவசாயிக்குக் கை கொடுத்திருக்கிறது என்று நானாக முடிவு கட்டி, பல்லெல்லாம் தெரிய "தும்பா சந்தோஷ" என்றேன்.

பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். பாஸ்புக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். பக்கத்து சீட் கன்னட நண்பர்தான் சொன்னார்: "கை கொட்டிதுன்னா ஏமாத்திடுச்சுன்னு அர்த்தம் சார்." நாம் 'கை விரித்துவிட்டது' என்கிறோம் இல்லையா, அதை அவர்கள் 'கை கொடுத்துவிட்டது' என்கிறார்கள். அந்த வருஷம் கர்நாடகாவின் 236 தாலுகாக்களில் 223-ல் வறட்சி என்று அரசே அறிவித்தது. நான் சந்தோஷம் தெரிவித்தது அப்படிப்பட்ட வருஷத்தில்!

அன்றிலிருந்து இந்த மாதிரி வருத்தச் சொற்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் வெறும் பி.காம்., மொழி ஆராய்ச்சிக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனாலும் ஒன்று புரிந்தது. ஜனங்கள் எதை நம்பி ஏமாந்தார்களோ, அது அவர்கள் பேச்சில் பழைய லெட்ஜர் மாதிரி அப்படியே இருக்கிறது.

சீனர்கள் இதில் கில்லாடிகள். நாலே எழுத்தில் ஒரு கதையையே அடைத்துவிடுவார்கள். 'மிங் லுவோ சுன் ஷான்' என்று ஒன்று. சோங் வம்சக் காலத்தில் (960-1279) சுன் ஷான் என்பவர் அரசாங்கத் தேர்வு எழுதி, தேறியவர்கள் பட்டியலில் கடைசி ஆளாக வந்தாராம். கூட எழுதிய பையனின் அப்பா "என் மகன்?" என்று கேட்க, "கடைசிப் பெயர் சுன் ஷான். உங்கள் பையன் பெயர் அதற்கும் அப்பால்" என்றாராம். ஃபெயில் என்று சொல்ல மனசு வரவில்லை. இன்றைக்கும் தேர்வில் தோற்றால் இதையே சொல்கிறார்கள். அவர்கள் நம்பியது பரீட்சையை.

நம் ஊரில் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்போம். கோர்ட்டில் திவால் மனு போட்டுவிட்டான் என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய உதாரணம் அர்பத்நாட் கம்பெனி. 1906 அக்டோபர் 22-ல் சென்னையில் கதவை மூடியது. போட்ட பணம் போச்சு. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் ஜெயில். நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயன்று, 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. இங்கே ஜனங்கள் நம்பியது பெரிய மனிதரின் பெயரை.

கன்னடக்காரர் நம்பியது மழையை. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த 1876-78 பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தையும் விடவில்லை. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 1881-ல் 42 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற பெங்களூர்-மைசூர் ரயில் பாதைகூட பஞ்ச நிவாரண வேலையாக ஆரம்பித்ததுதான். கூலிக்கு மண் சுமந்தவர்கள், மழை கை கொடுத்தவர்கள். கன்னட அர்த்தத்தில்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். அரசு வறட்சி அறிவித்தால் பயிர்க்கடனின் தவணையை நீட்டிக்க வழி உண்டு. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். நண்பரை விட்டு போன் போடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தார். முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். தவணை மாற்றிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்:

"பேங்க் கை கொடலில்லா சார்."

வங்கி கை கொடுக்கவில்லையாம். இந்த முறை எனக்குச் சரியாகவே புரிந்தது :-)

உங்கள் ஊரில் ஏமாற்றத்துக்கு என்ன சொல்வார்கள்? சொல்லுங்களேன்.