கே-பாப் ரசிகர்களின் கனவு நகரம்... தென் கொரியாவில் பாதியிலேயே நின்றது ஏன்?

பிடிஎஸ், பிளாக்பிங்க் கச்சேரிகளை நேரில் பார்க்கணும், சீரியல் உலகத்துக்குள்ள நடந்து பார்க்கணும், அங்கேயே ஓட்டலில் தங்கணும். கொரிய கலாசார ரசிகர்களின் இந்த ஆசைக்காகவே திட்டமிடப்பட்டதுதான் 'கே-கல்ச்சர் வேலி'. ஆனால், அது இன்னும் திறக்கப்படவே இல்லை. என்ன நடந்தது?

எங்கே, என்ன திட்டம்?

தலைநகர் சியோலை ஒட்டியுள்ள கோயாங் நகரில்தான் இந்த இடம். 'பாராசைட்' படத்தின் பின்னணியில் இருந்த சிஜே குழுமம், 2016-ல் கியோங்கி மாகாண அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 20 ஆயிரம் பேர் அமரும் உள்ளரங்கம், தீம் பார்க், கடைகள், ஓட்டல் என மதிப்பீடு சுமார் 1.8 லட்சம் கோடி வான். நம்ம பணத்தில் 10 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

எங்கே சிக்கியது?

அரங்க கட்டுமானம் 2021 அக்டோபரில்தான் தொடங்கியது. கட்டுமானச் செலவு எகிறியதால் 2023 ஏப்ரலில் நின்றுபோனது. அப்போது முடிந்திருந்தது வெறும் 17% தான். 2028 வரை பெரிய அளவில் மின்சாரம் தர முடியாது என்ற சிக்கலும் சேர்ந்துகொண்டது.

சண்டை எதற்கு?

தாமதத்துக்கான அபராதம்தான் பிரச்னை. சுமார் 10 ஆயிரம் கோடி வான்! 'தாமதத்துக்கு நாங்கள் மட்டும் காரணமில்லை, தள்ளுபடி செய்யுங்கள்' என்றது நிறுவனம். 'ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சலுகை கொடுத்தால் அது தவறாகிவிடும்' என்றது மாகாணம். கடைசியில் 2024 ஜூலையில் ஒப்பந்த ரத்து அறிவிப்பு வந்தது. வேலைவாய்ப்பையும் வியாபாரத்தையும் நம்பிக் காத்திருந்த கோயாங் மக்கள் கொந்தளித்தனர்.

ரசிகர்களுக்கு என்ன நஷ்டம்?

உலகமே கே-பாப் கேட்குது. ஆனா, இசைக்கென்றே கட்டிய பெரிய அரங்கம் கொரியாவில் ரொம்ப காலமாக இல்லை. விளையாட்டு மைதானங்களில்தான் கச்சேரிகள் நடந்தன. இன்சியோனில் 15 ஆயிரம் பேருக்கான 'இன்ஸ்பயர் அரீனா' திறந்ததே 2023 இறுதியில்தான். 2025-ல் பிளாக்பிங்க், கோல்ட்பிளே நிகழ்ச்சிகள் நடந்ததும் இதே கோயாங்கின் விளையாட்டு மைதானத்தில்தான். கூட்டம் வருது, அரங்கம்தான் இல்லை!

இப்போ என்ன நிலை?

திட்டம் முழுசா கைவிடப்படவில்லை. அரங்கத்தை முடிக்க, சர்வதேச கச்சேரி நிறுவனமான லைவ் நேஷன் தரப்பை 2025-ல் முன்னுரிமைப் பேச்சுவார்த்தைக்கு மாகாணம் தேர்வு செய்தது.

ஆசையும் கூட்டமும் இருந்தால் மட்டும் சுற்றுலா நகரம் எழும்பிவிடாது. கரன்ட் எங்கிருந்து வரும், செலவு ஏறினால் யார் தாங்குவது என்பதை ஒப்பந்தத்திலேயே பேசி முடிக்கணும். கோயாங் சொல்லும் பாடம் இதுதான்.