இருபதுமுகி

இருபதுமுகி என்பது இருபது தட்டையான முகங்களால் அடைபட்ட திண்ம உருவம். ஐகோசாஹெட்ரான் என்ற கிரேக்கப் பெயரும் வழக்கில் உண்டு. முகங்கள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று பெயர் வரையறுப்பதில்லை. பதினெண்கோண அடி கொண்ட பட்டகமும், பத்தொன்பது பக்க அடியில் எழும் பிரமிடும், இருபது சாய்சதுரங்கள் கூடிய திண்மமும் கணக்குப்படி இருபதுமுகிகளே. ஆனாலும் அடைமொழி இல்லாமல் இச்சொல் வந்தால், முகங்கள் யாவும் சர்வசமமான சமபக்க முக்கோணங்களாக அமைந்த ஒழுங்கு இருபதுமுகியையே பெரும்பாலும் குறிக்கும்.

ஒழுங்கு இருபதுமுகிக்கு 30 விளிம்புகள், 12 உச்சிகள். ஒவ்வோர் உச்சியிலும் ஐந்து முக்கோணங்கள் கூடுகின்றன. இந்த ஐந்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஐந்து 60 பாகைகள் சேர்ந்தால் 300. மீதி 60 பாகை இடைவெளியை மூடும்போது உச்சி எழும்புகிறது. ஆறு முக்கோணங்களை வைத்தால் 360 பாகையும் நிரம்பித் தட்டையாகிவிடும். ஆகவே பிளேட்டோவின் ஐந்து ஒழுங்குத் திண்மங்களில் இதைவிட அதிக முகங்கள் கொண்டது கிடையாது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஊடுருவும் மூன்று பொன் செவ்வகங்களின் பன்னிரண்டு முனைகளே இதன் உச்சிகள். அடுத்தடுத்த இரு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 138.19 பாகை.

பிளேட்டோ தம் ‘திமேயஸ்’ நூலில் இவ்வுருவை நீருக்கு உரியதாக்கினார். யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ பதின்மூன்றாம் புத்தகம் இதை ஒரு கோளத்துக்குள் அமைக்கும் முறையைத் தருகிறது. தாலமி மரபினர் ஆண்ட எகிப்தில் கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபதுமுகப் பகடைகள் இருந்தன.

கால்பந்தையும் இருபதுமுகி என்று சொல்லிவிடுவார்கள், அது சரியன்று. இருபதுமுகியின் உச்சிகளை, விளிம்பின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சீவினால் 12 ஐங்கோணங்கள் புதிதாகத் தோன்றும். பழைய முக்கோணங்கள் 20 அறுகோணங்களாகும். மொத்தம் 32 முகங்கள். 1970 உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்தும், 1985-இல் கண்டறியப்பட்ட 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறும் இந்தச் சீவிய வடிவத்தைச் சேர்ந்தவை.

உயிரியலில் இச்சொல்லின் பொருள் சற்றே நகர்கிறது. போலியோ வைரஸை ‘இருபதுமுக’ வைரஸ் என்பார்கள். அது பார்வைக்கு ஏறக்குறைய உருண்டைதான். அங்கே சொல் சுட்டுவது முகங்களை அன்று, சமச்சீரை. ஒழுங்கு இருபதுமுகியை 60 வகையாகச் சுழற்றினாலும் தோற்றம் மாறாது. அதே முறையில் ஒரே புரதத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் மூடிய கூடு கிடைக்கிறது. சிறிய மரபணுத்தொகுதியால் பல புரதங்களுக்குக் குறிப்பு எழுத முடியாது என்பதால் வைரஸுக்கு இது மலிவான வழி. 60-க்கும் அதிகமான அலகுகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதை 1962-இல் காஸ்பரும் குளூக்கும் விளக்கினர். அடினோவைரஸிலோ தட்டையான முகங்களே தெளிவாகத் தெரியும்.

படிகவியலில் இந்தச் சமச்சீர் நெடுங்காலம் விலக்கப்பட்டதாக இருந்தது. ஒரே அமைப்பு சீராகத் திரும்பி வரும் படிகத்தில் ஐந்துமடிச் சுழற்சிக்கு இடமில்லை. 1982-இல் அலுமினியம்–மாங்கனீசு உலோகக் கலவையில் அதையே கண்ட டான் ஷெக்ட்மன், 2011-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய பொருள்கள் குவாசிபடிகங்கள் எனப்படுகின்றன.

குவிந்த உருவங்களோடு பெயர் நின்றுவிடவில்லை. பாயின்சோ 1809-இல் விவரித்த பெரும் இருபதுமுகியில் முக்கோணங்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. 1967-இல் யெசன் ஆராய்ந்த இருபதுமுகியோ உட்குழிந்தது. அதில் அடுத்தடுத்த முகங்கள் எல்லாமே செங்கோணத்தில் சந்திக்கின்றன.