சாரல்ல நிக்கிற போலீஸ் அக்காவும் அந்த மூணு நாளும்!

ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலம் சீசன். தென்காசி பக்கமே ஜேஜேன்னு இருக்கும். மெயின் அருவியில பெண்கள் குளிக்கிற பக்கம் போனவங்க கவனிச்சிருப்பீங்க... விசிலோட, சாரல்ல நனைஞ்சுகிட்டே கூட்டத்தை ஒழுங்குபடுத்திட்டு நிப்பாங்க பெண் காவலர்கள். ஈரக் காக்கியில மணிக்கணக்கா நிக்கிற அந்த நாள், பீரியட்ஸ் நாளாவும் இருந்தா?

முதல்ல உடம்பு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஒரு சுழற்சி 21-லிருந்து 35 நாள் வரை இருக்கலாம். 28 நாள்ங்கிறது சராசரிதான், சட்டம் இல்ல. பீரியட்ஸுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே சிலருக்கு மார்பக வலி, வயிறு உப்புசம், தலைவலி, பரு, தூக்கமின்மை, எரிச்சல், காரணமே இல்லாத அழுகை வரும். இதைத்தான் பி.எம்.எஸ்-னு சொல்றோம். ரத்தப்போக்கு ஆரம்பிச்சதும் இவை பொதுவா குறைஞ்சிடும். அப்போ அடிவயிற்று வலியோட முறை. கருப்பையைச் சுருங்க வைக்கிற புரோஸ்டாகிளாண்டின்தான் காரணம். அதே பொருள்தான் சிலருக்கு வயித்தால போறதுக்கும் குமட்டலுக்கும் காரணம். 'பொய் சொல்றா'ன்னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

வெந்நீர் ஒத்தடம் நிஜமாவே உதவும். வலி மாத்திரை தேவைன்னா டாக்டர்கிட்ட கேட்டு, சாப்பிட்ட பிறகு போடுங்க. ரெண்டு மூணு மாசம் தேதியையும் அறிகுறிகளையும் போன்ல குறிச்சு வைங்க. டாக்டர் முதல்ல கேக்கப்போறது அதைத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனையுது, 7 நாளைத் தாண்டியும் நிக்கல, பெரிய கட்டிகளா போகுது, படியேறினாலே மூச்சு வாங்குதுன்னா தள்ளிப் போடாதீங்க. ரத்தசோகையா இருக்கலாம்.

பந்தோபஸ்து டியூட்டியில இருக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல். டாய்லெட் பக்கத்துல இல்லன்னு தண்ணியே குடிக்காம இருந்துடுவாங்க. தலைவலி கூடும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். பேடை 4-6 மணி நேரத்துல மாத்தணும். மாத்த இடம்?

இங்கதான் லைபீரியா ஞாபகம் வருது. 2007 ஜனவரியில நம்ம சி.ஆர்.பி.எஃப் பெண்கள் நூத்துக்கும் மேற்பட்டவங்க ஐ.நா. அமைதிப்படைக்காக மன்ரோவியாவுல போய் இறங்கினாங்க. அமைதிப்படையில முழுக்கப் பெண்களே இருந்த முதல் போலீஸ் பிரிவு அது. ராத்திரி ரோந்து, அதிபர் அலுவலகப் பாதுகாப்புன்னு 2016 வரைக்கும் குழு மாத்தி குழு போய்ட்டே இருந்தாங்க. அவங்களைப் பார்த்து லைபீரியப் பெண்களும் போலீஸ்ல சேர்ந்தாங்கன்னு ஐ.நா.வே பாராட்டுச்சு.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. அமைதிப்படைக்கு ஆள் அனுப்புற நாடு, ஒப்பந்தப்படி வண்டி, கருவியோட கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கிற வசதிக்கும் பொறுப்பேத்துக்கலாம். ஏத்துக்கிட்டா ஐ.நா. ஆட்கள் நேர்ல வந்து சரிபார்ப்பாங்க. அதை வச்சுத்தான் அந்த நாட்டுக்குப் பணம். அதாவது, அங்க டாய்லெட் சலுகை இல்ல, வண்டி மாதிரி அதுவும் கணக்குல வர்ற பொருள். அருவிக்கரை பந்தோபஸ்துக்கும் அப்படி ஒரு கணக்கு போடலாமே?

தமிழ்நாட்டுல மாற்றமே இல்லைன்னு சொல்ல முடியாது. 1973-ல இங்க பெண்கள் போலீஸ்ல சேர்ந்தாங்க. வி.ஐ.பி. போற ரோட்டோரத்துல பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம்னு 2021 ஜூன்ல உத்தரவு வந்துச்சு. பொன்விழாவை ஒட்டி 2023-ல, காலை ரோல்-காலை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாத்துறதாவும், தனி ஓய்வறை கட்டுறதாவும் அறிவிச்சாங்க. ஆனா, ஓய்வறை ஸ்டேஷன்ல இருக்கும், டியூட்டி அருவியில இருக்கும்.

குளிக்கப் போற நமக்கும் ஒண்ணு: நனைஞ்ச பேடோட பஸ் ஏறாதீங்க. உடை மாத்துற அறையிலேயே மாத்திட்டு, பேப்பர்ல சுத்திக் குப்பைத்தொட்டியில போடுங்க. அருவித் தண்ணியில விட்டுடாதீங்க ப்ளீஸ்.