சொல்தா மாமாவின் ஆஸ்பத்திரிப் பட்டியல்

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மகள் பிரான்சில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் புருஷன் பெண்சாதி இரண்டு பேருமாக மூன்று மாதம் போகிறார்கள். விசாவுக்காக எடுத்த இன்சூரன்ஸ் காகிதங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"சார், இத்தனை பக்கம் இருக்கு. ஒரு ஆஸ்பத்திரி பேர்கூட இல்லையே. அங்க நெஞ்சு வலிச்சா நான் எங்க போறது?"

நியாயமான கேள்வி. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வைத்தியச் செலவைத் தாங்கும் இன்சூரன்ஸ் வேண்டும் என்பது 2004 முதல் உள்ள விதி. ஆனால் அந்தக் காகிதம் ஆஸ்பத்திரியைக் காட்டாது, ஒரு தொலைபேசி எண்ணைத்தான் காட்டும். உயிர் போகிற அவசரம் என்றால் 15 அல்லது 112ஐ அழைத்து, எங்கே கொண்டுபோகிறார்களோ அங்கே போய்விட வேண்டும். பிறகு வீட்டார் யாராவது உடனே இன்சூரன்ஸ்காரரின் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அவசரம் இல்லையென்றால் முதலில் அந்த எண், பிறகுதான் ஆஸ்பத்திரி. இவ்வளவும் சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே கேள்விக்கு ஒரு முறை நான் தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அது வெளிநாட்டில் இருந்தவருக்கு அல்ல. மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில், சொந்த வீட்டில் இருந்தவருக்கு. ஆனால் பிரான்சின் கணக்கில் அவர் வெளிநாட்டில் இருப்பவர்.

எப்படி என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நம் கடற்கரையில் எல்லைக்கோடு எப்போதும் ஒரு தினுசாகத்தான் ஓடியது. மரக்காணம் ஆங்கிலேயர் ஆண்ட தென்னாற்காடு ஜில்லா. தெற்கே வந்தால் காலாப்பட்டு பிரெஞ்சுக்காரருடையது. அப்புறம் கோட்டக்குப்பம் மறுபடி ஆங்கிலேயர். அதைத் தாண்டினால் புதுச்சேரி. உப்பிலேயே இந்தக் கோடு தெரியும். 1818ல் இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பது நின்றது. அளக்காரர்களின் நஷ்டத்துக்காக ஆங்கிலேயர் வருஷத்துக்கு 4,000 வராகன் கொடுத்தார்கள். மரக்காணத்து உப்போ பக்கிங்காம் கால்வாயில் படகேறி மதராசுக்குப் போனது.

வைத்தியத்துக்கு மட்டும் நம்மவர்கள் கோட்டைப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் 1823லேயே பிரெஞ்சு அரசு வைத்தியப் பள்ளி வைத்தது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். பாத்தியில் கால் கிழிந்து சீழ் பிடித்தவர்களும், வெயிலும் உப்பும் சேர்ந்து கண் கெட்டவர்களும் கிழக்குக் கடற்கரைச் சாலை வராத காலத்திலேயே அங்கே போய்த்தான் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அதுதான் நமக்கு 'வெளிநாட்டு ஆஸ்பத்திரி'.

எல்லையின் அந்தப் பக்கத்தில் 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு ஆணை வந்தது. தன் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்கிறவர் பிரெஞ்சுக்காரருக்குச் சமம். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் சைகோனுக்குப் போனார்கள். போலீஸ், சுங்கம், ராணுவம் என்று வேலை பார்த்து பென்ஷனோடு திரும்பினார்கள். சிப்பாய் வேலை பார்த்தவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம்.

பிறகு 1954 நவம்பர் 1 ஆட்சி மாற்றம். 1956 மே 28 ஒப்பந்தம் கையெழுத்தானது. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. புதுச்சேரியில் குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதித் தந்தார்கள். அந்த நாளில் பிரான்சிலோ வேறு நாட்டிலோ குடியிருந்தவர்களுக்கு அந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை. பழைய குடியுரிமை அப்படியே நின்றது.

எங்கள் சொல்தா மாமா இந்த இரண்டாவது வகை. காலாப்பட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா பார்த்தார், பிறகு அல்ஜீரியா. முழங்காலில் ஒரு குண்டுச் சில்லு. ஓய்வுபெற்றதும் கட்டிக்கொண்டது மரக்காணத்து அளக்காரர் பெண்ணை. மாமனார் வீட்டுக் குத்தகைப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சொந்த மாமா அல்ல. ஆனால் பிரெஞ்சில் வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன் என்பதால் உறவாகிவிட்டது. பிரெஞ்சில் படித்த எனக்கு ஆபீஸில் அந்தப் பாஷை பெரிதாகப் பயன்பட்டதில்லை. மாமா வீட்டுத் திண்ணையில்தான் பயன்பட்டது. உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் அனுப்பும் சான்றும் என் வேலைதான்.

அவருடைய வைத்திய உரிமை எப்படித் துண்டு துண்டாக இருந்தது என்று பாருங்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919 மார்ச் 31ல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. போரில் ஊனமாகி பென்ஷன் பெறுகிறவருக்கு, அந்தக் காயம் சம்பந்தப்பட்ட வைத்தியம் ஆயுசுக்கும் இலவசம். ஆக மாமாவின் முழங்காலுக்கு பிரான்ஸ் பொறுப்பு. நெஞ்சுக்கு இல்லை. "என் கால் பிரெஞ்சுக்காரன், மத்ததெல்லாம் அனாதை" என்பார் சிரித்துக்கொண்டே.

1945 அக்டோபரில் பிரான்சில் சமூகக் காப்பு அமைப்பு பிறந்தது. அது பிரான்சில் வசிப்பவருக்கு. வெளிநாட்டில் வசிக்கும் பிரெஞ்சு பென்ஷன்தாரர்களிடமும் வைத்தியத்துக்கென்று பிடித்தம் உண்டு. பல பென்ஷன்களில் அது 3.2 சதவீதம். மாசாமாசம் பிடிப்பார்கள். அதன் பலன், பிரான்சுக்குப் போய்த் தங்கும் நாட்களில் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். மரக்காணத்தில் நெஞ்சு வலித்தால் அந்தப் பிடித்தம் எதற்கும் உதவாது. இது அநியாயம் என்று மாமா சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. 2019 முதல் அந்த உரிமைக்கும் பதினைந்து வருஷம் பிரான்சில் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற பொது நிபந்தனை சேர்ந்துவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கான காப்பு நிதி. 1976 டிசம்பர் 31 சட்டத்தால் வழி திறந்தது. அலுவலகம் பாரிசுக்குத் தென்கிழக்கே மெலன் பக்கத்தில் ரூபெல் என்ற ஊரில். புதுச்சேரிப் பக்கம் 'சே எஃப் ஈ' என்றே சொல்வார்கள். விருப்பப்பட்டுச் சேர வேண்டும், தனிச் சந்தா கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவருக்குச் சந்தாவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் வழி 2002ல் வந்தது. மாமா தாமதமாகத்தான் சேர்ந்தார், அதுவும் என் தொந்தரவால்.

2010 மார்ச் மாதம். உப்பு சீசன் நன்றாக ஏறியிருந்தது. வரப்பு ஓரமெல்லாம் அம்பாரம். இரவு பதினொரு மணிக்கு அத்தை போன் செய்தார். "தம்பி, மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது. எந்த ஆஸ்பத்திரி? நீதானே பேப்பர் வச்சிருக்கே?"

என்னிடம் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று சே எஃப் ஈ அட்டையின் நகல். இன்னொன்று பிரெஞ்சில் அச்சான டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளின் பட்டியல். தங்கள் குடிமக்களின் தகவலுக்காகப் பிரெஞ்சுத் தூதரகங்கள் இந்த மாதிரிப் பட்டியல் வைத்திருப்பது உலகம் முழுக்க வழக்கம். நான் அதைப் பார்த்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பட்டியல்ல இருக்கு அத்தை, அட்டையைக் காட்டுங்க, பணம் கேக்க மாட்டாங்க" என்றும் சொன்னேன்.

கேட்டார்கள். வாசலிலேயே முன்பணம் கேட்டார்கள். அந்த அட்டையை அவர்கள் முன்னே பின்னே பார்த்ததில்லை. நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அத்தை கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாமாவின் ரத்தக்குழாயில் அடைப்பு. மறுநாள் பலூன் வைத்து ஸ்டென்ட் போட்டார்கள். உயிர் பிழைத்தார், அதில் அந்த டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சங்கிலி அடகுக்குப் போனது. அது போதவில்லை. மகன் அம்பாரத்தை அப்படியே வியாபாரிக்குத் தள்ளிவிட்டான். உப்புக்காரர்களுக்குத் தெரியும், வெயில் காலத்தில் விற்பது எவ்வளவு நஷ்டம் என்று. ஓலை போட்டு மூடி மழைக்காலம்வரை வைத்திருந்து விற்றால்தான் நாலு காசு.

நான் கலந்து குழப்பிக்கொண்டது இரண்டு வேறு பட்டியல்களை. பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சுக்காரர் நம்பிப் போகும் டாக்டர்களைக் காட்டுவது ஒன்று. காப்பு நிதியோடு ஒப்பந்தம் போட்டு, பில்லை நேராக அங்கே அனுப்பும் ஆஸ்பத்திரிகளைக் காட்டுவது இன்னொன்று. முதல் பட்டியலில் பேர் இருப்பதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் ஆஸ்பத்திரி நிதிக்கு முன்கூட்டி எழுதி, அங்கிருந்து பொறுப்பேற்புக் கடிதம் வர வேண்டும். இல்லையென்றால் நாமே கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும்.

கேட்டோம். பில், ரசீது, டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாம் ரிஜிஸ்டர் தபாலில் ரூபெலுக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பில்லில் மொத்தத் தொகை மட்டும் ஒரே வரியில் இருக்கிறது, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பிரித்து வேண்டும் என்று. நம்மூரில் 'பேக்கேஜ்' என்று ஒரே எண்ணைப் போட்டுவிடுவார்கள். பிரெஞ்சு குமாஸ்தாவுக்கு அது பில்லே அல்ல. நானும் குமாஸ்தாவாக இருந்தவன், அவர் இடத்தில் இருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். பிரித்து எழுதி வாங்க மூன்று நடை நடந்தேன். நவம்பரில் பணம் வந்தது, முழுசாக இல்லை. சங்கிலியை மீட்டார்கள். உப்பு விலை அப்போது ஏறியிருந்தது. அளத்தில் அவர்கள் பங்கு அம்பாரம்தான் இல்லை.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ படிச்சதைத்தானே தம்பி சொன்னே" என்றார். படித்ததைச் சொல்லவில்லை, அதுதான் விஷயம். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரிகளை நான் படிக்கவே இல்லை. பின்னால் எடுத்துப் பார்த்தேன். இது தகவலுக்கு மட்டும், டாக்டரைத் தேர்ந்தெடுப்பது அவரவர் பொறுப்பு என்று தெளிவாகவே போட்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் நம் தமிழ்நாட்டிலும் அட்டையும் பட்டியலும் வந்திருந்தன. 2009 ஜூலை 23ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் ஒரு லட்சம் வரை. அளத்தில் வேலை செய்தவர்கள் பலர் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு பென்ஷன் அந்த வரம்பைத் தாண்டியதால் மாமா வீட்டுக்கு அந்த அட்டை இல்லை. அளத்துக்காரர்கள் என்னிடம் கொண்டுவந்து, "இது ஜிப்மர்ல செல்லுமா சார்?" என்று கேட்டபோது நான் பட்டியலைப் பார்த்துச் சொல்லவில்லை. அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்.

2011 ஜூலை 1 முதல் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது மாமா ரொம்ப ஆசையாகக் கேட்டார், இனி இங்கேயே ஆஸ்பத்திரி உண்டா என்று. இந்த முறை கடைசி வரிவரை படித்தேன். அது முக்கியமாக பென்ஷன் பற்றியது, இங்கே வேலை பார்த்த வருஷத்தையும் அங்கே வேலை பார்த்த வருஷத்தையும் கூட்டிக்கொள்வதற்கு. இல்லை மாமா என்றேன். அதற்கு மேல் மூன்று வருஷம் இருந்தார். ஒப்பந்த ஆஸ்பத்திரிகளின் பேரை நாடு, ஊர் வாரியாக இப்போது காப்பு நிதியின் இணையதளத்திலேயே தேடலாம். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போவதற்கு முன் ஆஸ்பத்திரியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சொல்தா வீட்டு விதவைகள் சிலர் இன்னும் கடிதங்களோடு வருகிறார்கள். அவர்களுக்கு அதையே சொல்கிறேன்.

மறுநாள் காலையில் வாத்தியார் வீட்டுக்கு நானே போனேன். அவர் மனைவிக்கு ஆங்கிலமும் படிக்க வராது, பிரெஞ்சும் வராது. மயங்கி விழப்போவது வாத்தியாராக இருந்தால் போன் செய்ய வேண்டியவர் அந்த அம்மாதான். இன்சூரன்ஸ் எண், பாலிசி எண், மகளின் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதினேன். இவருக்கு உடம்பு சரியில்லை, தயவுசெய்து இந்த எண்ணை அழைக்கவும் என்று அடியில் பிரெஞ்சில் ஒரு வரி. அந்த அம்மா அதை வாங்கி, கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டார்.